இரண்டில் ஒன்றை நீக்கும்போது

எமது வகுப்பில் லெப்டொப் வைத்திருப்பவர்களில் சிலருடைய கணினியை இயக்கினால் நேராக விண்டோஸ் வருவதில்லை. கறுப்பு அல்லது ஊதா நிறத் திரையில் நாலைந்து வரிகள் தோன்றும். முதல் வரியில் உபுண்டு என்றும் கீழே எங்கோ விண்டோஸ் என்றும் இருக்கும். பத்து வினாடிக்குள் எதையும் அழுத்தாவிட்டால் முதல் வரியில் உள்ளது தானாகவே தொடங்கிவிடும். இதைக் கண்டு வைரஸ் என்று பயந்த உம்மாமாரும் இருக்கிறார்கள். அது வைரஸ் அல்ல. ஒரே கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகள் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். (பணிசெயல் முறைமை என்பது பரீட்சைத் தாளில் நாம் எழுதும் சொல். வீட்டில் எல்லோரும் ஓ.எஸ். என்றுதான் சொல்கிறோம்.)

இந்த இரட்டைக் குடித்தனம் எம் வீடுகளுக்கு வந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான். பல்கலைக்கழகம் போன நானாவோ தாத்தாவோ படிப்புக்காக லினக்ஸைப் போட்டிருப்பார். அல்லது யாரோ பாவித்த கணினியைக் கொழும்பிலிருந்து மலிவாக வாங்கியிருப்போம். இது எங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸும் இந்தியாவில் உருவான போஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. எமது நாட்டிலும் 2009இல் ஹந்தான லினக்ஸ் என்று ஒன்று வெளிவந்தது. கண்டியில் உள்ள ஹந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய அது பெடோரா என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது.

நானா படித்து முடித்து வெளிநாடு போய்விடுகிறார். லினக்ஸ் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. வன்தட்டில் பாதி இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்க, மறுபாதியில் இடம் போதவில்லை என்று விண்டோஸ் நாளுக்கு நாள் முறையிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "எல்லாத்தையும் ஃபோமட் பண்ணிப் புதுசா விண்டோஸ் போட்டுத் தாறம்." அவர்களுக்கு அது இலகு. எமக்கு அதில் போவது எவ்வளவு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஒன்றை மட்டும் நீக்கி மற்றதை அப்படியே வைத்திருக்கலாம். அழிக்கும் வேலைக்குப் பத்து நிமிடமும் ஆகாது. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. மிஞ்சப் போகும் முறைமை தன் காலில் தானே எழுந்து நிற்குமா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். அழிப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றுவதால்தான் முக்கால்வாசிச் சிக்கல்கள் வருகின்றன. காரணம் விளங்க, கணினி எப்படித் தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் வந்தவர்களுக்குப் பேராதனைச் சந்தி தெரியும். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கண்டிக்குப் போகிறது, மற்றது நானுஓயா, பண்டாரவளை வழியாக எங்கள் பதுளைக்கு வருகிறது. எந்தப் பக்கம் போவது என்பதை ரயில் தீர்மானிப்பதில்லை. தண்டவாளத்தை மாற்றிவிடுபவர்தான் தீர்மானிக்கிறார். இரட்டைத் தொடக்கக் கணினியில் அந்த ஆளின் பெயர் கிரப். நாம் காணும் அந்தக் கறுப்புத் திரைப் பட்டியல் அவருடையதுதான்.

கிரப் என்பது லினக்ஸோடு வந்த ஆள். அதன் சிறு பகுதிதான் வன்தட்டின் தொடக்கத்தில் நிற்கிறது. பட்டியலும் மற்றத் தேவைகளும் லினக்ஸின் பாகத்துக்கு உள்ளேயே இருக்கின்றன. இப்போது ஒருவர் விண்டோஸுக்குள் நின்றுகொண்டு லினக்ஸின் பாகத்தை அழித்துவிட்டால் என்ன நடக்கும்? கண்டிப் பாதை தேவையில்லை என்று கண்டி நிலையத்தை இடிக்கிறோம், பேராதனையில் நிற்பவருக்கு உத்தரவு கண்டியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் பதுளை ரயிலும் நகராது. அடுத்த முறை கணினியை இயக்கும்போது கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்ற வரி மட்டும் வந்து நிற்கும். விண்டோஸ் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அதை எழுப்ப ஆள் இல்லை.

லுணுகலைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் என் சாச்சாவின் லெப்டொப் இந்த வகையைச் சேர்ந்தது. அவருடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சுற்றியுள்ள தோட்டங்களின் குடும்பங்கள். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பாடசாலை தொடங்கும் காலத்துக்கும் துணி எடுப்பார்கள், தோட்டச் சம்பளம் போட்டதும் கட்டுவார்கள். முன்பு கடன் கொப்பியில் இருந்த இந்தக் கணக்குகள் எல்லாம் இப்போது அந்த லெப்டொப்பில். ஒரு கணக்கு தொலைந்தால் அது சாச்சாவின் நட்டத்தோடு முடிவதில்லை. கட்டி முடித்த ஒரு தாயிடம் மீண்டும் காசு கேட்க வேண்டி வரலாம். அதனால் லினக்ஸை நீக்குவோம் என்றதுமே அவர் கேட்டார்:

"மகள், இத அழிச்சா என்ட கடன் கணக்கும் சேர்ந்து போயிடுமா?"

"இல்ல சாச்சா, உங்கட கணக்கெல்லாம் விண்டோஸ் பக்கம் இரிக்கி."

"அப்ப மத்தப் பக்கம் என்ன இரிக்கி?"

கணினி படிக்காத அவர் கேட்ட அந்த இரண்டாவது கேள்விதான் இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான கேள்வி. லினக்ஸால் விண்டோஸின் கோப்புகளைப் பார்க்க முடியும். விண்டோஸோ லினக்ஸின் பாகத்தைச் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. விண்டோஸுக்கு அது பெயரில்லாத வெற்றிடம் போலத் தெரியும். ஆகவே விண்டோஸில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவுசெய்யக் கூடாது. லினக்ஸுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். கட்டாரில் இருக்கும் நானாவிடம் வட்ஸ்அப்பில் கடவுச்சொல்லைக் கேட்டு உள்ளே போனோம். பாடக் குறிப்புகள்தான் இருக்கும் என்று அவரே நினைத்திருந்தார். ஹோம் என்ற கோப்புறைக்குள் கடையின் குத்தகை ஒப்பந்தத்தின் ஸ்கேன் பிரதியும், வபாத்தான எங்கள் உம்மும்மாவின் படங்கள் இருநூறுக்கு மேலும் இருந்தன. அந்தப் படங்கள் வேறு யாரிடமும் இல்லை.

எனவே முதல் வேலை பிரதி எடுப்பது. லினக்ஸின் ஹோம் கோப்புறை முழுவதையும், விண்டோஸில் உள்ள முக்கியமான கோப்புகளையும் வெளி வன்தட்டுக்கோ பென் ட்ரைவுக்கோ மாற்ற வேண்டும். மாற்றியபின் அதை வேறொரு கணினியில் செருகி, இரண்டு மூன்று கோப்புகளையாவது உண்மையிலேயே திறந்து பார்க்க வேண்டும். பெயர் தெரிவதும் திறப்பதும் ஒன்றல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது எமது மாவட்டத்தில் மண்சரிவு என்ன செய்தது என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. லெப்டொப்பும் அதன் பிரதியும் ஒரே அலுமாரியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். பிரதி ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருப்பது நல்லது.

அடுத்து, கணினி பழைய முறையில் தொடங்குகிறதா புதிய முறையில் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸின் தேடல் பெட்டியில் 'சிஸ்டம் இன்ஃபோமேஷன்' என்று தேடித் திறந்தால், 'பயோஸ் மோட்' என்ற வரி இருக்கும். அதற்கு நேரே 'யு.ஈ.எப்.ஐ.' என்று இருந்தால் புதிய முறை. 'லெகஸி' என்று இருந்தால் பழைய முறை. கடந்த பத்தாண்டுகளில் விண்டோஸோடு விற்கப்பட்ட லெப்டொப்புகளில் பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும்.

புதிய முறையில் வேலை இலகு. அங்கே ஈ.எப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்று சில நூறு மெகாபைட் அளவில் ஒரு சிறு பாகம் உண்டு. விண்டோஸை எழுப்பும் நிரலும் கிரப்பும் அதற்குள் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கின்றன. யாரை முதலில் அழைப்பது என்ற வரிசை கணினியின் தாய்ப்பலகையில் எழுதப்பட்டிருக்கும். அந்த வரிசையை நாமே மாற்றலாம். கணினியை இயக்கியவுடன் டெல், ஏசர், ஏசஸ் வகைகளில் எப்2 விசையையும் எச்.பி.யில் எப்10 விசையையும் தட்டிக்கொண்டிருந்தால் அமைப்புத் திரை வரும். அதில் 'பூட்' என்ற பகுதியில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை உபுண்டுவுக்கு மேலே கொண்டுவந்து, சேமித்து வெளியேற வேண்டும்.

அதற்கு முன் ஒரு விடயம். சில லெப்டொப்புகளில் பிட்லாக்கர் என்ற பூட்டு நாம் அறியாமலே போடப்பட்டிருக்கும். தொடக்க வரிசையை மாற்றினால் யாரோ கணினியைத் திருடி விளையாடுகிறார்கள் என்று அது சந்தேகப்பட்டு, 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது. கணினியை முதலில் பதிவுசெய்த மைக்ரோசொப்ட் கணக்கில் அது வழக்கமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். முன்கூட்டியே பார்த்துக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டது என்று வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லாத நிலையை நான் இரண்டு வீடுகளில் பார்த்துவிட்டேன்! அப்படியானால் அது தெரியும்வரை மேலே போகக் கூடாது.

பழைய முறைக் கணினியில் வரிசை மாற்றும் வசதி இல்லை. வன்தட்டின் முதல் 512 பைட்டில் கிரப் தன் சிறு பகுதியை எழுதி வைத்திருக்கும். அந்த இடத்தில் விண்டோஸின் நிரலைத் திரும்ப எழுத வேண்டும். அதற்கு விண்டோஸ் நிறுவும் பென் ட்ரைவ் ஒன்று தேவை. 8 ஜி.பி. போதும். அதிலிருந்து கணினியைத் தொடக்கி, நிறுவும் பொத்தானை அழுத்தாமல், கீழே உள்ள 'ரிப்பெயார் யுவர் கொம்பியூட்டர்' வழியாகக் கட்டளைத் திரைக்குப் போக வேண்டும். அங்கே 'பூட்ரெக்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, அதோடு ஒட்டி 'பிக்ஸ்எம்பிஆர்' என்று எழுதி என்டர் விசையை அழுத்தினால் முடிந்தது. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில். நிறுவும் பொத்தானுக்கும் திருத்தும் வரிக்கும் உள்ள தூரம் திரையில் ஓர் அங்குலம்தான் என்பதால் அவசரப்படாமல் வாசித்து அழுத்துங்கள்.

எந்த முறையானாலும் இப்போது கணினியை முழுமையாக அணைத்து மீண்டும் இயக்குங்கள். கிரப் திரை வராமல் நேராக விண்டோஸ் வர வேண்டும். ஒருமுறை போதாது, இரண்டு முறை செய்து பாருங்கள். கவனியுங்கள், இதுவரை நாம் எதையும் அழிக்கவில்லை. லினக்ஸ் தன் இடத்தில் முழுசாக இருக்கிறது. மனம் மாறினால் இப்போதும் திரும்பிவிடலாம். விண்டோஸ் நேராக வரவில்லை என்றால் அழிக்கும் வேலை இன்றைக்கு இல்லை.

நேராக வந்துவிட்டால் மிச்சம் சில நிமிட வேலைதான். விண்டோஸ் விசையோடு எக்ஸ் எழுத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' இருக்கும். அதில் வன்தட்டு நீளமான ஒரு பட்டையாக, பல கட்டங்களாகப் பிரிந்து தெரியும். சி என்ற எழுத்துள்ள கட்டம் விண்டோஸ். லினக்ஸின் கட்டத்துக்கு எழுத்தும் இருக்காது, கோப்பு முறைமையின் பெயரும் இருக்காது. ஆனால் எழுத்தில்லாத எல்லாக் கட்டமும் லினக்ஸ் அல்ல. ஈ.எப்.ஐ. என்று எழுதியிருப்பதையும் 'ரிக்கவரி' என்று எழுதியிருப்பதையும் தொடவே கூடாது. சில நிறுவனங்கள் பெயர் எழுதாமலும் தங்கள் பாகத்தை வைத்திருக்கும். ஆகவே ஊகிக்க வேண்டாம். முன்பே லினக்ஸுக்குள் இருந்தபோது அங்குள்ள 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, லினக்ஸின் பாகங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு ஜி.பி. என்று எழுதி வைத்திருந்தால் இங்கே அளவைப் பார்த்தே அடையாளம் காணலாம். சாச்சாவின் கணினியில் எழுத்தில்லாத கட்டங்கள் நான்கு இருந்தன, லினக்ஸுக்குரியவை இரண்டு மட்டுமே.

சரியான கட்டத்தின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'டிலீட் வொல்யூம்' கொடுத்தால் அது போய்விடும். மின்சாரத்தை மட்டும் மறக்க வேண்டாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் இருளானது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். தோட்டங்களில் மின்சாரம் போக அவ்வளவு பெரிய காரணம் தேவையில்லை, ஒரு மரக்கிளை போதும். லெப்டொப்பின் பட்டறி முழுதாக ஏறியிருக்க வேண்டும். பட்டறி செத்த லெப்டொப்பையும் மேசைக் கணினியையும் யூ.பி.எஸ். இல்லாமல் இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது.

அழித்த இடம் தானாகச் சி பாகத்தோடு சேராது. 'எக்ஸ்டெண்ட் வொல்யூம்' என்பதைத் தேட வேண்டும். சிலருக்கு அது மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். லயன் அறைகளை நினைத்துப் பாருங்கள். பக்கத்து அறை காலியானால் நடுச்சுவரை எடுத்து வீட்டைப் பெரிதாக்கலாம். இடையில் வேறொரு குடும்பம் இருந்தால், அதற்கு அப்பால் எத்தனை அறை காலியாக இருந்தும் பயனில்லை. வன்தட்டிலும் காலியிடம் சி பாகத்துக்கு வலப்பக்கத்தில் ஒட்டியே இருக்க வேண்டும். பல கணினிகளில் இடையில் இருக்கும் குடும்பம் ரிக்கவரி பாகம்தான். அதை நகர்த்தித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. எனக்கென்றால் அந்த ஆபத்து தேவையில்லாதது. காலியிடத்தில் 'நியூ சிம்பிள் வொல்யூம்' மூலம் இன்னொரு பாகத்தை உருவாக்கி, படங்களையும் வீடியோக்களையும் அங்கே மாற்றினாலே சி பாகத்துக்கு மூச்சு வந்துவிடும். சாச்சாவுக்கும் அப்படித்தான் செய்தோம். தோட்டம் தோட்டமாகக் கோப்புறை போட்டு இப்போது அங்கேதான் கணக்கை வைத்திருக்கிறார்.

ஈ.எப்.ஐ. பாகத்துக்குள் உபுண்டு என்ற ஒரு சிறு கோப்புறை மிஞ்சியிருக்கும். சில மெகாபைட்தான். அது யாருக்கும் தொல்லையில்லை, விட்டுவிடலாம். இன்னொரு சின்ன நன்மையும் உண்டு. இரட்டை முறைமைக் கணினிகளில் மணிக்கூடு சில நேரம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிழையாகக் காட்டும். லினக்ஸ் கணினியின் மணிக்கூட்டில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இலங்கை நேரம் என்று நினைத்து வாசிக்கிறது. ஒருவர் போனதும் நேரத்தை ஒருமுறை சரிசெய்தால் பிறகு மாறாது.

இனி மறுபக்கம். விண்டோஸை நீக்கி லினக்ஸை வைத்துக்கொள்ள விரும்புவோரும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. பழைய லெப்டொப்புகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. கட்டுரை எழுதவும் இணையத்தில் பாடம் பார்க்கவும் மட்டும் கணினி வேண்டியவர்களுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும் என்பது என் எண்ணம். ஆனால் கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால் அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பொறி வேறு இடத்தில் இருக்கிறது. ஈ.எப்.ஐ. பாகத்தைப் பெரும்பாலும் விண்டோஸ்தான் முதலில் உருவாக்கியிருக்கும். அதனால் 'இதுவும் விண்டோஸுடையது' என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். கிரப்பும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது. அதை அழித்தால் இரண்டுமே எழும்பாது. நீக்க வேண்டியது சி பாகமாக இருந்ததை மட்டும். அதற்கு முன் விண்டோஸை ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே அணைக்க வேண்டும். சாதாரணமாக அணைத்தால் அது முழுமையாக உறங்காமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸால் அதன் கோப்புகளை ஒழுங்காகப் பிரதியெடுக்க முடியாமல் போகலாம். லினக்ஸ் தொடங்கும்போதே சி பாகத்தையும் இணைக்கும்படி யாராவது அமைத்திருந்தால் அந்த வரியையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இல்லாத பாகத்தைத் தேடி ஒன்றரை நிமிடம் வரை காத்துக்கொண்டிருக்கும், சிலவேளை தொடங்காமலே நின்றுவிடும். கடைசியாக 'அப்டேட் கிரப்' என்ற கட்டளையைக் கொடுத்தால் பட்டியல் புதுப்பிக்கப்படும்.

இதை வாசிப்பதற்கு முன்பே யாரோ அவசரப்பட்டு லினக்ஸை அழித்து, வீட்டில் ஒரு லெப்டொப் 'கிரப் ரெஸ்கியூ' என்று காட்டிக்கொண்டிருந்தால், விண்டோஸும் அதில் உள்ளவையும் அநேகமாக அப்படியே இருக்கின்றன. புதிய முறைக் கணினி என்றால் அமைப்புத் திரைக்குப் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்தால் போதும். பழைய முறை என்றால் மேலே சொன்ன பென் ட்ரைவ் வழி. அழிந்த லினக்ஸ் பாகத்தில் வேண்டிய படங்கள் இருந்தன என்றால் அந்தக் கணினியில் புதிதாக எதையும் எழுத விடாதீர்கள். பாகத்தை அழிக்கும்போது முதலில் போவது அதன் முகவரிதான். மேலே வேறொன்று எழுதப்படாதவரை டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் பல நேரங்களில் அதை மீட்க முடிகிறது. எஸ்.எஸ்.டி. வகை வன்தட்டுகளில் இந்த வாய்ப்புக் குறைவு. கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், ஒரு கடதாசியில் "தொடக்கத்தை மட்டும் திருத்தவும், ஃபோமட் செய்ய வேண்டாம், கேட்காமல் விண்டோஸ் நிறுவ வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி லெப்டொப்பின் மூடியில் ஒட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னது கவுண்டரில் நிற்பவரோடு நின்றுவிடும். திருத்துபவர் பின்னறையில் இருக்கிறார்.